புறமுதுகு காட்டி வந்த பேரன்

எனக்கு உருப்படியாகத் தெரிந்த காரியம் ஒன்றுதான்: சுவாமியைச் சப்பரத்தில் வைத்துக் கட்டுவது. மின்சார வாரியத்தின் கணக்குப் பிரிவில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன். அதை ஒரு காரியம் என்று வாரியமே சொல்லாது.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருப் பஜனை மடத்துச் சுவாமி வருஷத்துக்கு ஒரு தடவை தெருக்களைச் சுற்றி வருவார். மரச் சப்பரம், தோளில் தூக்க ஆறு பேர். சுவாமி ஆடாமல் அசையாமல் நிற்க அவரைப் பருத்திக் கயிற்றால் கட்டுவது என் பொறுப்பு. கயிற்றை நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்தபின் முடிச்சு கல்லாகிவிடும். ஒரு வருஷம் ஓடைமேல் போட்டிருந்த பலகைக்கல் முறிந்து, முன்னால் தூக்கியவர்கள் மூன்று பேரும் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார்கள். சப்பரம் சாய்ந்தது. சுவாமி அசையவில்லை. நெற்றிச் சந்தனம்கூட உதிரவில்லை. சாக்கடையில் நின்றவர்களைத் தூக்கிவிடுவதற்கு முன்பே, “கட்டு யாரு, நாகேஸ்வரனா?” என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டதாக என் மனைவி பாகீரதி சொல்வாள். முதலில் அவள் அதை வாயுத்தொல்லை என்றுதான் நினைத்தாளாம்.

இந்தப் பெருமையோடு நான் பாட்டுக்கு இருந்திருக்கலாம். 2004-ல் என் பெண் மீரா அமெரிக்காவிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு வருவதாகத் தொலைபேசியில் சொன்னாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும். அவள் வருவதற்கு முன்பே, மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒரு பையன் லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். பிரித்தால் உள்ளே இரண்டு உருப்படிகள். ஒன்று, நெடுக்கே வெட்டிய சுரைக்காய் மாதிரி கைப்பிடியோடு ஒரு தொட்டி. உள்ளே தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒரு பூட்டு. இன்னொன்று, அந்தத் தொட்டி போய்க் கடக்கென்று உட்காரும் ஒரு பீடம்.

“இது என்னது, தொட்டிலா?” என்றாள் பாகீரதி.

“கார் சீட்டும்மா,” என்றாள் மீரா போனில். “ஏர்போர்ட்லேர்ந்து கொழந்தை அதுலதான் வரணும்.”

“கொழந்தைக்கு என் மடி இல்லையாடி?”

“மடிக்குப் பெல்ட் கிடையாதே அம்மா.”

நான் ரிசீவரை வாங்கினேன். “மீரா, ஏர்போர்ட்டுக்கும் நம்மாத்துக்கும் எத்தனை தூரம்? பத்மநாபசுவாமியே வருஷத்துக்கு ரெண்டு தரம் இதே ரோட்டுல சங்குமுகம் கடல்ல போய்க் குளிச்சுட்டு வரார். அவர் என்ன பெல்ட்டா போட்டுக்கறார்?”

“அவர் தோள்ல போறார். நீ ஃபியட்ல வரே.”

என் ஃபியட் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் கையாக வாங்கியது. கடற்காற்றில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து, மற்ற நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி ஓடிய தூரத்தைவிட என் கைத்துணி அதன்மேல் ஓடிய தூரம் அதிகம். பின் சீட்டில் பெல்ட் கிடையாது. மீரா கேட்டதோ பின் சீட்டு, பெல்ட், குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பீடத்தைப் பிடித்து ஆட்டினால் ஒரு விரல்கடை அகலத்துக்குமேல் நகரக் கூடாது. இதெல்லாம் கேட்டுவிட்டு நான் சரி சரி என்று சொன்னேன். தொலைபேசியில் சரி என்பதற்கு என்னைவிட வேகமான ஆள் இந்த ஊரில் கிடையாது.

சிக்கல் சம்பந்தி ரூபத்தில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ராஜமணி, ஊரின் மறுபக்கம் கரமனைக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதுச் சாண்ட்ரோ கார் வைத்திருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டார்.

“சம்பந்தி, கவலையே படாதீங்கோ. நம்ம வண்டியில பின்னாடியும் பெல்ட் உண்டாக்கும், கேட்டேளா? பேரனை நானே போய்க் கூட்டிண்டு வந்துடறேன். கரமனையில ஒரு நாழி இறக்கி, ஆரத்தி எடுத்துட்டு, அப்புறம் உங்காத்துல கொண்டு விட்டாப் போறது.”

‘ஒரு நாழி’ என்கிறார். குழந்தை முதன்முதலாக எந்த வாசலை மிதிக்கிறது என்பது எங்களில் சாதாரண விஷயமா? முதல் ஆரத்தி கரமனையில் என்றால், என் பேரனுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கும்போதுகூட ராஜமணியின் ஆட்கள் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். நான் மறுபடி மீராவைக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக் கால் என்றால் வழக்கமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவன், அன்றைக்கு விஸ்தாரமாகவே பேசினேன்.

அவள் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நான் இந்தச் சண்டைக்கு வரலை. எந்த வண்டியில சீட்டு சரியா இருக்கோ, கொழந்தை அந்த வண்டியில வரும். முதல்ல எந்தாத்துக்குங்கறது அந்த வண்டிக்காரா இஷ்டம். அவ்வளவுதான்.”

ஆக, பெல்ட் வாங்கியே ஆக வேண்டும். சாலைக் கடைவீதியில் வன்னியராஜ் என்று ஒருவர், கார்களுக்குச் சீட்டு உறை தைக்கும் கடை வைத்திருந்தார். வண்டியைக் கடைமுன் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

“பின் சீட்டுக்குப் பெல்ட்டா? பின்னால இருக்கவன் எங்க போயிருவான் சாமி?” என்றார். ஆனாலும் சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். “பெல்ட்டு வரவழைக்கலாம். ஆனா போல்ட்டு முறுக்க அடியில தகரம் வேணும்லா? இங்க பாருங்க.” அவர் கட்டை விரலால் லேசாக அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகச் சாலைக் கடைவீதியின் தரை தெரிந்தது. அதில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது.

“வெல்டிங் வச்சா?” என்றேன்.

“எதுல வைக்க? இது தகரம் இல்ல சாமி, பெயின்டாக்கும் நிக்குது. அவ்ளோ தொடைச்சு வச்சிருக்கீங்க.” பாராட்டா, வைகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “பேசாம சம்பந்தியாரு வண்டியிலயே கூட்டிட்டு வாங்க. அவருகிட்ட சாண்ட்ரோதானே? நான்தான் கால் மேட்டு போட்டுக் கொடுத்தேன்.”

இந்த ஊரில் என் தோல்வி எனக்கு முன்னால் கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடையிலிருந்து வெளியே வந்தேன். எதிரே கயிற்றுக்கடை. வாசலில் பருத்திக் கயிறு வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாகத் தொங்கியது. சுவாமிக்கு வருஷா வருஷம் வாங்குகிற அதே கயிறு. எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். பெரிய விபத்துகளும் இப்படித்தான் என்பது தோன்றவில்லை.

மீரா வருவதற்கு முந்தின நாள் கயிற்றை வாளியில் ஊறப்போட்டு, தெருவில் வண்டியை நிறுத்திக் கட்டினேன். பின் சீட்டைச் சுற்றி, அடியில் கொடுத்து எடுத்து, பீடத்தையும் தொட்டியையும் சேர்த்து, குறுக்குக்கட்டு, சுற்றுக்கட்டு, கடைசியில் சப்பர முடிச்சு. தொட்டி முன்னால் பார்த்துத்தான் இருந்தது. மீரா சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் எந்தச் சுவாமியையாவது பின்னால் பார்க்க வைத்து ஊர்வலம் விட்டதுண்டா? பிறந்து முதல் தடவையாக ஊருக்குள் வருகிற குழந்தை, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருமா? கட்டின கட்டைப் பார்த்தால் திசையை மறந்துவிடுவாள் என்று நம்பினேன்.

பாகீரதி என் பழைய வேஷ்டிகளை மடித்து மடித்துத் தொட்டிக்குள் அடுக்கினாள். எங்களில் பச்சைக் குழந்தைக்குப் பழைய வேஷ்டிதான் மெத்தை. நான் கிழித்த வேஷ்டிகள் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பத்திரமாக இருந்தன. மெத்தை உயர்ந்ததும் வார் எட்டவில்லை. தளர்த்திவிட்டேன்.

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்கோன்னா,” என்றாள்.

குழந்தையின் எடைக்கு ஒரு பூசணிக்காயைத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்து, வாரைப் பூட்டினோம். தெருக்கோடி வரை போய், என் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் திரும்பி வந்து, மடத்து வாசலில் பிரேக்கை ஒரே மிதி மிதித்தேன். பீடம் அசையவில்லை. தொட்டி அசையவில்லை. முடிச்சு அப்படியே நின்றது. எனக்குக் கண் கலங்கியது.

பாகீரதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “பூசணி எங்கே?”

பூசணி முன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வேஷ்டிகளைவிட்டு, வாரைவிட்டு எழும்பி, இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து போயிருந்தது. ஒரு பக்கம் பிளந்திருந்தது.

“பூசணிக்குத் தோள் கிடையாது,” என்றேன். “வார் பிடிக்கத் தோள் வேணுமோல்லியோ? கொழந்தைக்குத் தோள் இருக்கு.”

பாகீரதி என்னைப் பார்த்தாள். பிறகு பூசணியைப் பார்த்தாள். எதிலே நம்பிக்கை வைப்பது என்று யோசித்தாளோ என்னவோ, பூசணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அந்தப் பூசணியில் எரிசேரி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை சங்குமுகம் விமான நிலையத்தில் ராஜமணி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். சாண்ட்ரோ பளபளத்தது. சீட்டெல்லாம் கடையில் கொடுத்தபோது போட்டிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் பிரிக்காத பலகாரப் பொட்டலம் மாதிரி வைத்திருந்தார்.

“சம்பந்தி, கட்டியாச்சாமே?” என்றார் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்து. “ஓ! திருவிழாவாக்கும்!”

மீரா வந்தாள். இளைத்திருந்தாள். மார்போடு அணைத்திருந்த குழந்தை கைலாஷ் தூங்கிக்கொண்டிருந்தான். பேரனின் முகத்தை இரண்டு நிமிஷம்தான் பார்க்கவிட்டாள். அவனைப் பாகீரதியிடம் கொடுத்துவிட்டு நேரே ஃபியட்டின் பின்கதவைத் திறந்தாள். பீடத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். பலமாக ஆட்டினாள். வண்டி ஆடியது, பீடம் ஆடவில்லை.

“ஆடலை,” என்றாள் ஆச்சரியத்தோடு.

நான் ராஜமணியைப் பார்த்தேன். அந்தப் பார்வையை நான் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாம்.

“ஆனா இது ஏன்ப்பா முன்னால பாத்துண்டிருக்கு?”

“சுவாமியை எப்பவும்...”

“சுவாமி பஞ்சலோகம். இவனுக்கு ஒடம்புல தலைதான் கனம், கழுத்துல இன்னும் பலமே இல்லை. நீ பிரேக் போட்டா தலை மட்டும் முன்னால போகும். பின்னால பாத்து இருந்தா முதுகும் தலையும் சேர்ந்து சீட்டுலயே அழுந்தும். இதுக்காகத்தானே தடவைக்குத் தடவை சொன்னேன்?” பேசிக்கொண்டே தொட்டிக்குள் கையை விட்டு வேஷ்டிகளை ஒவ்வொன்றாக உருவினாள். எல்லோரும் பார்க்க, என் கிழிசல்கள் சங்குமுகம் காற்றில் பறந்தன. “இத்தனை மெத்தையை வச்சா வார் எப்படிப் பிடிக்கும்? வாருக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரலுக்குமேல எடம் இருக்கப்படாது. பிரேக் போட்டா இவன் மேலால வந்துடுவான்.”

பாகீரதி மெதுவாகச் சொன்னாள்: “நேத்து பூசணி வந்தது.”

“எந்தப் பூசணி?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “திருப்பிக் கட்டிடறேன். அரை மணி.”

“வேண்டாம்ப்பா. கயிறு நனைஞ்சா ஒரு மாதிரி, காஞ்சா ஒரு மாதிரி. வண்டி எங்கேயாவது முட்டினா இது எத்தனை தாங்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாமா வண்டியில பெல்ட் இருக்கில்லையா? அதுல வைப்போம்.”

ராஜமணி சாண்ட்ரோவின் பின்கதவை அகலத் திறந்து வைத்தார். “அவிழுங்கோ சம்பந்தி,” என்றார் கனிவாக.

அங்கேதான் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. எனக்குக் கட்டத்தான் தெரியும். சப்பரம் திரும்பி வந்தபின் அவிழ்ப்பது மடத்துக் காரியஸ்தர்; மறுநாள் காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்து நிதானமாக அவிழ்ப்பார். நான் அந்த நேரம் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. முடிச்சு காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் பார்த்தேன், சாவியால் பார்த்தேன், பல்லாலும் பார்த்தேன். கைலாஷ் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். ராஜமணி தன் நகவெட்டியை நீட்டினார். அதால் கத்தரித்தால் குழந்தைக்குப் பூணூல் போடும் வயதாகிவிடும்.

பாகீரதி குழந்தையை மீராவிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது இளநீர்க்காரனின் வெட்டுக்கத்தி கையில் இருந்தது. பின்னாலேயே இளநீர்க்காரனும் கவலையோடு வந்தான்.

“அடியே, சுவாமி கயிற்றைக் கத்தி வச்சு வெட்டப்படாது!” என்றேன்.

“சுவாமி மடத்துல இருக்கார். இது சாலைக் கடைவீதியில வாங்கின கயிறு. தள்ளிக்கோங்கோ.”

வெட்டினாள். சுவாமியைச் சாக்கடையிலிருந்து காப்பாற்றிய முடிச்சு, சங்குமுகத்தில் பொத்தென்று விழுந்தது. இளநீர்க்காரன் கத்தியை வாங்கித் துடைத்துக்கொண்டு, “நல்ல கெட்டாணல்லோ,” என்று மலையாளத்தில் முடிச்சை மெச்சினான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பீடம் சாண்ட்ரோவுக்குப் போயிற்று. மீரா வைத்து, அழுத்தி, ஆட்டினாள். சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

“மாமா, இந்தப் பிளாஸ்டிக்கைக் கழட்டணும்.”

ராஜமணியின் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் வற்றியது. “கழட்டணுமா? வண்டியோட வந்ததாக்கும்மா அது.”

“கழட்டறதுக்குன்னே போட்டு அனுப்பறது மாமா. இதுமேல வச்சா நிக்காது.”

“ஒரு துண்டை விரிச்சா?”

“துண்டும் நகரும்.”

நான் உதவிக்கு முன்வந்தேன். என் வாழ்நாளில் இத்தனை ஆர்வத்தோடு பிறருக்கு உதவியதில்லை. உறை சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டபோது ராஜமணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே சீட்டுத் துணி நீலமாக இருந்தது. அது என்ன நிறம் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து, பெல்ட் இருந்தது; அது பூட்டுகிற கொக்கியைக் காணோம். ஒரு வருஷமாக யாரும் போடாததால் சீட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தது. ராஜமணி கையை விட்டுத் துழாவினார். முதலில் ஒரு சீப்பு வந்தது, பிறகு காய்ந்த வெற்றிலை, அப்புறம்தான் கொக்கி. மீரா பெல்ட்டைப் பீடத்துக்குள் நுழைத்துப் பூட்டி, பீடத்தின்மேல் முழங்காலை ஊன்றித் தன் பாரத்தை எல்லாம் அதில் இறக்கி, பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். ஆட்டினாள். நகரவில்லை. தொட்டியைப் பின்னால் பார்த்து மாட்டினாள். கைலாஷை வெறும் துணியில் படுக்கவைத்து வாரைப் பூட்டி, தோளருகே விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் முடிய, நான் என் கயிற்றை நனைக்க எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை.

“கெளம்பலாம்,” என்றார் ராஜமணி. உறை போனாலும் உரிமை போகவில்லை. “முதல்ல கரமனை. அங்கே எல்லாம் ரெடியாக்கும்.”

மீரா என்னைப் பார்த்தாள். வண்டிக்காரர் இஷ்டம் என்று சொன்னவள் அவள்தான். அவள் குழந்தைக்குப் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தாள். பாகீரதி முன்னால். அவளும் என்னோடு வரவில்லை. என் வண்டியில் பெட்டிகளும் வேஷ்டிகளும் வெட்டுப்பட்ட கயிறும் வந்தன.

சாண்ட்ரோவின் பின்னாலேயே ஓட்டினேன். வள்ளக்கடவு வரும்போதுதான் ஒன்று உறைத்தது. பேரன் பின்னால் பார்த்தல்லவா உட்கார்ந்திருக்கிறான்! முன்னால் ஓட்டுகிற ராஜமணிக்குத் தெரிவது ரோடு. அவர் பேரனுக்குத் தெரிவது பின் கண்ணாடி. பின் கண்ணாடிக்கு நேராக நான். இந்த ஊரில் அவன் முதலில் பார்க்கிற காட்சி நானும் என் ஃபியட்டும்தான். எந்தத் திசையை நான் வேண்டாம் என்று கட்டினேனோ, அந்தத் திசையில் என்னை வைத்துவிட்டாள் என் பெண்.

எனக்கு ஸ்டீயரிங்கில் கை நிற்கவில்லை. ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினேன். எதிரே வந்த பஸ்காரர் தனக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்கு ஆட்டினார். பிறகு ஹாரனை லேசாக ஒரு அமுக்கு அமுக்கினேன். ஒரு தாத்தா பேரனைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். என் ஹாரனுக்கு லேசு தெரியாது. பழைய ஹாரன்; அமுக்கினால் சிக்கிக்கொண்டு, அதற்கே தோன்றும்போதுதான் நிற்கும். நான் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கியிருக்கலாம்.

சாண்ட்ரோவுக்குள் கைலாஷ் வீறிட்டது என் வண்டி வரைக்கும் கேட்டது. மீராவின் தலை குழந்தைமேல் குனிவதும், பாகீரதி திரும்புவதும், ராஜமணியின் தோள்கள் காதுவரை ஏறுவதும் தெரிந்தன. ஓடுகிற வண்டியில் வாரை அவிழ்த்து எடுக்க மீரா சம்மதிக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அழுகிற குழந்தையை எங்கேயாவது இறக்கித்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

ஸ்ரீவராகத்துக்குத் திரும்புகிற முனை வந்தது. நேரே போனால் கரமனை, இன்னும் எத்தனையோ சிக்னல் தாண்டி. திரும்பினால் எங்கள் தெரு. ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதுவாக இன்னும் ஒரு தரம் அடித்தது.

சாண்ட்ரோவின் இண்டிகேட்டர் எங்கள் தெருப் பக்கம் மின்னியது.

வாசலில் பாகீரதி அவசர அவசரமாக ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். ராஜமணி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “என்ன கத்து கத்தறான்! கிட்டே எந்தாம் இருக்கோ அந்தாத்துல இறக்கிடுங்கோன்னு சம்பந்தி மாமிதான் சொன்னா,” என்றார்.

“நல்லதாப் போச்சு,” என்றேன்.

மீரா தொட்டியைப் பீடத்திலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் படியேறும்போதும் கைலாஷ் பின்னால் பார்த்துத்தான் இருந்தான், என்னைப் பார்த்து.

“பாத்தியா மீரா? வழி நெடுக என்னையே பாத்துண்டு வந்தான்.”

“மூணு மாசக் கொழந்தைக்கு அத்தனை தூரம் கண் தெரியாதுப்பா,” என்றாள். ஒரு படி ஏறி நின்று திரும்பினாள். “காது நன்னாக் கேக்கும்.”

நான் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கப் போனேன். பெட்டிகள் நிறைய இருந்தன.